இப்ப அதை யாரு ஓட்டுறா?

2023 ஆகஸ்ட் 23, மாலை ஐந்தே முக்கால். வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கத் தொடங்கியிருந்தது. பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். வரிசை வரிசையாக விஞ்ஞானிகள், எல்லோர் கண்ணும் திரையில். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏண்டா, எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்களே, இப்ப அதை யாரு ஓட்டுறா?”

“யாரும் ஓட்டல அத்தை. அதுவே எறங்குது.”

“அதுவேன்னா? அதுக்குப் புத்தி இருக்கா?”

6.04க்கு விக்ரம் தரை தொட்டது. கைதட்டலில் அத்தையின் கேள்வி அமுங்கிப்போனது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றே வந்தது. விண்வெளி ரோபோக்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் பாதிப்பேர், யாரோ ஒரு விஞ்ஞானி ரிமோட்டை வைத்துக்கொண்டு பூமியிலிருந்து ஓட்டுகிறார் என்று நினைக்கிறோம். மீதிப்பேருக்கு ‘எந்திரன்’ படத்தின் சிட்டி ஞாபகம். ரோபோ தானே யோசித்து, தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கிறது என்று நம்பிக்கை. இரண்டும் தவறு. தவறான விதம்தான் சுவாரசியம்.

“தானாக ஓடுகிறது என்றால் தன் புத்தியில் ஓடுகிறது”

இந்த நம்பிக்கைக்கு ‘தன்னாட்சி’ என்ற சொல்லே பாதிக் காரணம். ஆட்டானமஸ் ரோபோவைத் தன்னாட்சி ரோபோ என்று எழுதுகிறோம். சொல்லைக் கேட்டதும் கொடியும் கோட்டையும் கண்ணில் வருகின்றன. நான் நம் ஊர்த் தன்னாட்சிக் கல்லூரியை நினைத்துக்கொள்வேன். பாடத்திட்டத்தை அதுவே வகுக்கும், வினாத்தாளை அதுவே தயாரிக்கும், விடைத்தாளை அதுவே திருத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். கொடுத்த தகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு.

ரோபோவின் தன்னாட்சியும் அந்த ரகம்தான். எந்த இடத்துக்குப் போவது, எதைத் தேடுவது, எவ்வளவு சாய்வு வரை ஏறலாம், எப்போது நின்றே ஆக வேண்டும் என்பதெல்லாம் மேலிடத்து முடிவு. எதிரில் கிடக்கும் கல்லுக்கு இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பது ரோபோவின் முடிவு. இப்படி முடிவுகளைப் பங்கு பிரித்து, ஒவ்வொரு தரப்புக்கும் வேண்டிய கணக்கைப் போட்டுத் தருவதுதான் முடிவெடுக்க உதவும் அமைப்பின் வேலை. அதில் ஒரு பகுதி ரோபோவுக்குள் ஓடும். இன்னொரு பகுதி பூமியில், மனிதர்களின் மேசைக் கணினியில் ஓடும். இந்த இரண்டாம் பகுதியைப் பற்றிச் செய்திகளில் யாரும் எழுதுவதில்லை.

“பூமியிலிருந்து ரிமோட்டில் ஓட்டுகிறார்கள்”

செவ்வாய்க்குப் போவோம். அந்தக் கிரகம் நமக்கு மிக நெருக்கமாக வரும்போதும் ரேடியோ சமிக்ஞை அங்கே போய்ச்சேர மூன்று நிமிடம் ஆகும். தொலைவில் இருக்கும்போது சுமார் 22 நிமிடம். ‘நில்’ என்று நாம் சொன்னால் அது அங்கே ஓடும் ரோவர் வண்டியின் காதில் விழ 22 நிமிடம். நின்றதா, குழியில் விழுந்ததா என்று நமக்குத் தெரிய இன்னொரு 22 நிமிடம். இப்படி ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு திருச்சி பைபாஸில்கூட யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள்.

அதனால் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் நாசாவுக்காக இயங்கும் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரியில் ஒரு நாளைக்கான கட்டளைகளை மொத்தமாக எழுதி அனுப்புவார்கள். செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் வழியாக அன்றைய படங்களும் தகவல்களும் திரும்பி வரும். அதைப் பார்த்து மறுநாள் திட்டம். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம். அதோடு ஒத்துப்போக, ஊர்தி இறங்கிய ஆரம்ப மாதங்களில் குழுவினர் தினமும் 40 நிமிடம் தள்ளித் தூங்கி, தள்ளி எழுந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வந்துவிடும். அப்போது சுமார் இரண்டு வாரத்துக்குக் கட்டளையே கிடையாது.

நாளுக்கு ஒரு கடிதம் என்ற கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும் என்றால், கடிதத்தில் எழுத முடியாததை வண்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தி பத்தரை கிலோ எடைதான். லேசர் கோடுகளைத் தரையில் அடித்து, கோடு வளைந்தால் கல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஒரு டன்னுக்கும் சற்று அதிகம். வந்தி வர்மாவும் அவரது குழுவினரும் 2023இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் செவ்வாய் ஆண்டில் அது ஓடிய 17.7 கிலோமீட்டரில் 88 சதவீதத்தை வண்டியின் சொந்த வழிகாட்டி மென்பொருளே ஆராய்ந்து கடந்தது. ஒருமுறை, மனிதர்கள் இடையில் படம் பார்த்துச் சரிசொல்லாமலே 699.9 மீட்டர் போயிருக்கிறது. இதற்கு ரிமோட் என்று பெயர் வைக்க முடியாது.

“அது ஓட ஓடக் கற்றுக்கொள்கிறது”

செயற்கை நுண்ணறிவு என்றாலே எதையோ கற்றுக்கொண்டு தேறுகிற ஒன்று என்று இப்போது பழகிவிட்டது. பெர்சிவரன்ஸின் வழிகாட்டி அப்படிப்பட்டதல்ல. நேற்று பட்ட அடியை வைத்து இன்று அது தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. அது செய்வது என்ன?

இரண்டு கேமராக்கள் நம் கண்களைப் போலச் சேர்ந்து படமெடுக்கின்றன. அதிலிருந்து முன்னால் உள்ள தரையின் மேடுபள்ள வரைபடம் தயாராகிறது. அந்த வரைபடத்தின் மேல், மரக்கிளை பிரிவதுபோல ஏகப்பட்ட வழிகளைப் போட்டுப் பார்க்கிறது மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் தோராயமாக ஒரு செலவுக் கணக்கு: எவ்வளவு நேரம், எவ்வளவு கரடுமுரடு. செலவு குறைந்ததை மேலே வைத்து வரிசைப்படுத்துகிறது. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது பாதுகாப்பானதா என்று கறாராகச் சோதிக்கிறது. சோதனையில் முதலில் தேறும் வழியில் வண்டி கிளம்பும்.

அந்தக் கறார் சோதனையில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஆறு சக்கரமும் கல்லின் மேல் துல்லியமாக எப்படி உட்காரும் என்று கணக்கிடப்போனால் நேரம் பிடிக்கும். அதனால் மென்பொருள் அதைச் செய்வதில்லை. ஒவ்வொரு சக்கரமும் அதிகபட்சம் எவ்வளவு உயரும், எவ்வளவு தாழும் என்று மட்டும் பார்க்கிறது. அதிலிருந்து, மிக மோசமாகப் போனால் வண்டி எவ்வளவு சாயும், அடிவயிறு கல்லில் இடிக்குமா என்று கணக்கிடுகிறது. மோசமான நிலையிலும் தப்பும் என்றால் சரி. இல்லையென்றால் அந்த வழி வேண்டாம்.

மழைக்காலத்தில் சாலையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் நிதானமான சைக்கிள்காரர் செய்வது இதைத்தான். குழி இரண்டு அங்குலமாக இருக்கலாம், இரண்டு அடியாகவும் இருக்கலாம். இறங்கி அளந்துகொண்டிருக்க நேரமில்லை. இரண்டு அடி என்றே வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போவார். இதனால் நல்ல வழிகள் சில வீணாக நிராகரிக்கப்படும். பரவாயில்லை, சுற்றிப் போவதால் நஷ்டம் சில நிமிடம்தான். கவிழ்ந்தால் தூக்கிவிட அங்கே ஆள் இல்லை. எந்த வழியுமே தேறவில்லையென்றால் வண்டி நின்றுவிடும். ஓர் அடியும் எடுத்துவைக்காமல் பாசடேனாவின் பதிலுக்குக் காத்திருக்கும்.

கற்றுக்கொள்வது நடக்காமலில்லை. அது மனிதர்கள் பக்கம், கிளம்புவதற்கு முன்னால் நடக்கிறது. இஸ்ரோ தன் லேண்டரையும் ரோவரையும் சோதித்த திடலில் நிலவு மண்ணாக நடித்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறைத்தூள். அந்தத் தூளில் பாடம் படித்தவர்கள் பொறியாளர்கள். படித்ததைச் சட்டமாக எழுதி எந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.

“அதிவேகக் கணினி இருப்பதால்தான் இதெல்லாம் முடிகிறது”

பெர்சிவரன்ஸின் முதன்மைக் கணினியின் சில்லு ராட்750. 1998இல் வந்த ஐமேக் கணினியில் இருந்த சில்லின் குடும்பம். கதிர்வீச்சைத் தாங்கும்படி கவசம் கட்டிய தம்பி. அதன் உச்ச வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். உங்கள் சட்டைப்பையில் உள்ள போன் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் உங்கள் போன் விண்வெளிக் கதிர்வீச்சில் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

பெர்சிவரன்ஸ் மணிக்குச் சுமார் 120 மீட்டர் ஓடுகிறது, அதே மாதிரிச் சில்லு வைத்திருக்கும் இன்னொரு செவ்வாய் ஊர்தியான கியூரியாசிட்டி தானாக ஓடும்போது சுமார் 20 மீட்டர்தான் என்றால், வித்தியாசம் எங்கே? கியூரியாசிட்டி கொஞ்சம் போகும், நிற்கும், படமெடுக்கும், யோசிக்கும், பிறகு போகும். பெர்சிவரன்ஸில் படங்களைக் கையாளவே தனிக் கணினி வைத்துவிட்டார்கள், ஓடிக்கொண்டே யோசிக்கிறது. புத்தி கூடவில்லை, வேலைப் பிரிவினை கூடியது.

வேடிக்கை என்னவென்றால், பெர்சிவரன்ஸின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு போன இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் ஸ்னாப்டிராகன் 801 என்ற போன் சில்லுதான் இருந்தது. ஊர்தியின் முதன்மைச் சில்லைவிடப் பல மடங்கு வேகம். அது சோதனை முயற்சி. உடைந்தால் உடையட்டும் என்று துணிந்தார்கள். திட்டம் ஐந்து முறை பறப்பது. பறந்தது 72 முறை.

“கண்ணும் மூளையும் நன்றாக இருந்தால் தவறு நடக்காது”

செவ்வாயில் ஓடிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி 2005 ஏப்ரலில் ஒரு சின்ன மணல்மேட்டில் சிக்கியது. கல் இல்லை, பள்ளம் இல்லை, கண்ணுக்கு எல்லாம் சாதுவாகத் தெரிந்தது. சக்கரங்கள் சுழன்றன. சுழற்சியை எண்ணி, முன்னேறிக்கொண்டிருக்கிறோம் என்று வண்டி கணக்கு வைத்துக்கொண்டது. உண்மையில் நின்ற இடத்திலேயே மணலைத் தோண்டிப் புதைந்துகொண்டிருந்தது. வெளியே வர ஜூன் ஆகிவிட்டது. குழுவினர் அந்த மேட்டுக்கு ‘பர்கேட்டரி’ என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவ மரபில் சொர்க்கத்துக்கு முன் பாவம் தீர்க்கும் இடம்.

சக்கரம் சொல்வதை மட்டும் நம்பாதே என்பது அதன் பிறகு வந்த விதி. நடுநடுவே நின்று, முன்பு எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, உண்மையிலேயே நகர்ந்திருக்கிறோமா என்று சரிபார்க்க வேண்டும். நகரவில்லையென்றால் நின்றுவிட வேண்டும். அப்படியும் 2009 மே மாதம் ஸ்பிரிட் ஊர்தி, மேலே கெட்டியாகத் தெரிந்த மண் ஓட்டை உடைத்துக்கொண்டு கீழே உள்ள பொடிமணலில் இறங்கியது. அங்கிருந்து அது மீளவேயில்லை. கேமராவுக்கு மண்ணின் மேல்தான் தெரியும்.

“எந்திரம் தப்பாக முடிவெடுத்துவிட்டது”

ஏதாவது விழுந்து நொறுங்கியதும் வரும் வாக்கியம் இது. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்திரம் தன்னிடம் இருந்த தகவலுக்குச் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கும்.

இன்ஜெனுயிட்டியின் ஆறாவது பயணம், 2021 மே 22. சுமார் 54 விநாடி பறந்த பிறகு கேமராவிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு படம் தொலைந்துபோனது. அதன் பிறகு வந்த படங்களில் எல்லாம் நேர முத்திரை பிசகிவிட்டது. ஒவ்வொரு படமும் எப்போது எடுத்தது என்பதை ஹெலிகாப்டர் தப்பாக நம்பி, இல்லாத தவறைத் திருத்தியது. திருத்தியதால் உண்டான தவறை மறுபடி திருத்தியது. முன்னும் பின்னுமாக இருபது டிகிரிக்கு மேல் ஆடிக்கொண்டே போனது. ஆனாலும் இறங்க வேண்டிய இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கிவிட்டது. காரணம், இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமரா சொல்வதைக் கேட்காதே என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அசைவுக் கணக்கு தடுமாறக் கூடாது என்று எழுதிய விதி இந்த ஆபத்தில் கைகொடுத்தது. 2024 ஜனவரி 18 அன்று, 72ஆவது பயணத்தில், கீழே அடையாளம் வைத்துக்கொள்ள எதுவுமில்லாத வழவழப்பான மணல்பரப்பு. பிடிமானம் இல்லாத கண் வேகத்தைத் தப்பாகச் சொன்னது. இறக்கை உடைந்தது. அத்தோடு பறப்பது முடிந்தது.

சந்திரயான்-2இன் கதையும் இப்படித்தான். 2019 செப்டம்பரில் அதன் விக்ரம் லேண்டர் மோதி நொறுங்கியதற்கு, பின்னால் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் உந்தின. அதனால் பிழை சேர்ந்துகொண்டே வந்தது. சேர்ந்த பிழையைத் திருத்த விக்ரம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவுக்கு மேல் வேகமாகத் திரும்பக் கூடாது என்று மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். ஒரு பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டும், மறுபக்கம் அந்தச் சின்ன இடத்தைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல், எதெல்லாம் தவறக்கூடும் என்று முதலில் பட்டியலிட்டு, அதிலிருந்து வடிவமைத்தார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எரிபொருள் கூடியது. விக்ரமுக்கு இன்னொரு மூளை வைத்தார்கள் என்று சொல்வதைவிட, அதற்குப் பிழைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள் என்று சொல்வது பொருத்தம். தன்னாட்சிக் கல்லூரிக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம்.

“இனிமேல் மனிதருக்கு அங்கே வேலையில்லை”

1999 மே மாதத்திலேயே இந்தக் கனவு சோதிக்கப்பட்டுவிட்டது. டீப் ஸ்பேஸ் 1 என்ற விண்கலத்தை ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அது தானே திட்டம் போட்டு, தானே நிறைவேற்றி, கோளாறு வந்தால் தானே காரணம் கண்டுபிடிக்கும். நன்றாகத்தான் போனது. நடுவில் மென்பொருளின் இரண்டு பகுதிகள், வாசலில் ‘நீங்க முதல்ல போங்க’ என்று நிற்கும் இரண்டு விருந்தாளிகள் மாதிரி, ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிட்டன. பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்ததைப் பூமியில் இருந்தவர்கள் ஆராய்ந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சோதனையை மறுபடி நடத்தி முடித்தார்கள். எந்திரத்தைப் பிழை திருத்த மனிதர் வேண்டியிருந்தது.

2004இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி காலத்தில் வந்த மேப்ஜென் பூமியில் ஓடிய உதவியாளர். விஞ்ஞானிகள் ஆளுக்கொரு ஆசைப்பட்டியல் கொடுப்பார்கள். மின்சாரம், நேரம், எந்தக் கருவி எதனோடு சேர்ந்து இயங்கக் கூடாது என்பதையெல்லாம் பார்த்து மேப்ஜென் அன்றைய திட்டத்தைத் தயாரிக்கும். ஒரே அழுத்தில் முழுத் திட்டத்தையும் போட அதற்குத் தெரியும். ஆனால் திட்டமிடுபவர்கள் அப்படி வாங்கிக்கொள்ள விரும்பவில்லை. ஏன் இது முன்னால், ஏன் அது விடுபட்டது என்று புரியாத திட்டத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துக் கட்டுவதைத்தான் விரும்பினார்கள். நல்ல குமாஸ்தாவை நம்பும் அதிகாரிகூடக் கோப்பைப் புரட்டாமல் கையெழுத்திடுவதில்லை. (இடுபவர்களும் உண்டு; அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

எந்திரத்திடம் ஒப்படைத்துப் பலன் கண்ட இடமும் உண்டு. 2016 முதல் கியூரியாசிட்டியில் ஏஜிஸ் என்ற மென்பொருள், வண்டி புதிய இடத்தில் நின்றதும் தானே சுற்றிலும் பார்த்து, ஆராயத் தகுந்த பாறையைத் தேர்ந்து லேசரை அடிக்கிறது. குத்துமதிப்பாக அடித்தால் வேண்டிய வகைப் பாறை 24 சதவீதம்தான் சிக்கியிருக்கும். ஏஜிஸ் தேர்ந்தபோது 93 சதவீதத்துக்கு மேல் சிக்கியது. எந்த வகைப் பாறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள். அவர்கள் காலையில் வேலைக்கு வரும்போது மேசையில் கூடுதல் தகவல் காத்திருக்கும். வேலை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

“அதிக புத்தி உள்ள எந்திரத்துக்குத்தான் தன்னாட்சி தருவார்கள்”

அத்தையின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நிலவு பக்கம்தான், சமிக்ஞை போய்ச்சேர ஒன்றேகால் விநாடி போதும். ஆனால் விழுந்துகொண்டிருக்கும் விக்ரமுக்கு, பூமியைக் கேட்டு, நாம் யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுமை கிடையாது. அதனால் சுமார் இருபது நிமிடம் எல்லாவற்றையும் அதனிடமே விட்டார்கள். பாறையும் குழியும் இல்லாத இடத்தைத் தன் கேமராவில் பார்த்து அதுவே இறங்கியது.

அதன் வயிற்றிலிருந்து இறங்கிய 26 கிலோ பிரக்யான் ரோவருக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஊர்ந்தது, அதற்கு அவசரமில்லை. அதன் கேமராப் படங்கள் பூமிக்கு வரும். தரையின் மேடுபள்ள மாதிரியை இங்கே தயாரிப்பார்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து மீட்டர் வரை வழி போட்டு அனுப்புவார்கள். ஆகஸ்ட் 27 அன்று அதன் முன்னால் மூன்று மீட்டரில், நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று வந்தது. படத்தைப் பார்த்துப் பூமியிலிருந்து ‘திரும்பு’ என்றார்கள். திரும்பி, வேறு வழியில் போனது. ஒரே பயணம், ஒரே குழு. அவசரம் உள்ளதற்குத் தன்னாட்சி, அவசரம் இல்லாததற்கு அனுமதிச் சீட்டு.

‘ரோபோ தானே முடிவெடுத்தது’ என்று அடுத்த முறை செய்தி வந்தால், எந்த முடிவை அதனிடம் விட்டார்கள், எந்த முடிவைத் தரவேயில்லை என்று தேடிப் பாருங்கள். தலைப்பில் இருக்காது. எழுதியவர் கவனமானவராக இருந்தால் கடைசிப் பத்தியில் இருக்கும்.